முதுகுப்பையாளரும் தம்பலகாமமும்: பயண இயலில் விடுபட்டுப்போன ஓர் அத்தியாயம்

முதுகுப்பையாளர் எனப்படுவோர், வீட்டில் அலுமாரியிலும் குளியலறையிலும் மருந்துப் பெட்டியிலும் தனித்தனியே கிடக்க வேண்டிய பொருள்களை ஒரே பையில் திணித்து, அதை இரண்டு வார்களால் முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரே பயணத்தில் நகரத்தைச் சுற்றிப் பார்க்கவும் மலையில் ஏறி இறங்கவும் புறப்படுவோர் ஆவர். சுமையைத் தலையில் வைத்திருப்பவர் சந்தைக்குப் போகிறார், கையில் தூக்கியிருப்பவர் உறவினர் வீட்டுக்குப் போகிறார், கக்கத்தில் இடுக்கியிருப்பவர் கச்சேரிக்கோ நீதிமன்றத்துக்கோ போகிறார் என்று, சுமை உடலின் எந்த இடத்தில் தங்குகிறது என்பதைக் கொண்டே ஆளின் போக்கை மட்டிட்டுவிடும் ஊர்களில், முதுகில் சுமப்பவர் எங்கே போகிறார் என்பது நெடுங்காலம் விடையில்லாத வினாவாக இருந்துவந்திருக்கிறது. முதுகு மாட்டுக்கு உரிய இடம் என்பதே அங்கெல்லாம் பொதுக் கருத்து. அந்தக் கருத்தில் வரலாற்று உண்மை இருப்பது பின்னர் காட்டப்படும்.

திருக்கோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம் இந்த ஆய்வுக்குக் களமாக எடுத்துக்கொள்ளப்பட்டதற்குக் காரணம், அங்கே முதுகுப்பையாளர் எவரும் இறங்குவதில்லை என்பதாகும். அம்பேபுசையில் தொடங்கிக் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்து திருக்கோணமலையில் முடியும் ஏ6 நெடுஞ்சாலையும், கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து கடலை நோக்கி வரும் புகையிரதப் பாதையும் இந்த ஊரைத் தொட்டே செல்கின்றன. ஆகவே கண்டியிலிருந்து கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக் கடலுக்கும் வருகிறவரும், நிலாவெளி வெயிலில் தோல் கறுத்தபின் மலையேறக் கண்டிப் பக்கம் போகிறவரும் தம்பலகாமத்தைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கிறார்கள்; ஆனால் கடக்கும் நேரத்தில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பு கோட்டையில் இரவில் ஏறியவருக்கு இந்த ஊர் விடியற்காலைத் தூக்கம், கண்டியில் காலையில் ஏறியவருக்கு உண்ட களைப்புத் தூக்கம். நகரம் பார்ப்பதற்கு, மலை ஏறுவதற்கு, நடுவில் உள்ளது உறங்குவதற்கு என்று பயணக் கையேடுகள் சொல்லாமல் சொல்லிவைத்திருக்கும் முப்பிரிவை மறுத்து, நகரையும் மலையையும் கோக்கும் இந்தக் கூட்டுப் பயணத்தின் இலக்கணம் உறங்கும் பகுதியிலேயே கிடக்கிறது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர்களை நோக்கினால், நகரம் என்றும் மலை என்றும் செய்யப்படும் பாகுபாடே ஆட்டங்காண்கிறது. திருக்கோணமலையின் ஈற்றில் மலை இருக்கிறது. கண்டி என்பது மலையைக் குறிக்கும் ‘கந்த’ என்ற சிங்களச் சொல்லின் வழி வந்தது. ஆக, மலைப் பெயர் கொண்ட ஓர் ஊரை நகரம் என்று சுற்றிப் பார்த்து முடித்தவர், மலை தேடி இன்னொரு மலைப் பெயர் ஊருக்குப் பஸ் ஏறுகிறார். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறை. பிரெட்றிக் கோட்டை வாசலில் நுழைந்து, அங்கே மேயும் மான்களைக் கடந்து மேலே நடக்கிறவருக்கு மூச்சு வாங்கும். எனினும் பயணத்திட்டத்தில் அது ‘நகர் உலா’ என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டுவிட்டதால், அந்த மூச்சு மலையேற்றக் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை. இந்த மூன்று ஊர்களில் தம்பலகாமம் ஒன்றே தன்னைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லாதது. அதன் ஈற்றிலுள்ள ‘காமம்’ கதிர்காமத்தில் வருவதைப் போன்று கிராமத்தைக் குறிப்பது. திருக்குறளின் மூன்றாம் பாலுக்கும் அதற்கும் உறவில்லை. முன்னுள்ள ‘தம்பல’ என்பதை வெற்றிலை மென்ற சிவப்போடும், மழைக்குப் பின் வரம்பில் ஊரும் பட்டுப்போன்ற தம்பலப்பூச்சியோடும் சேர்த்துப் பொருள் சொல்ல ஆசை எழும். ஆசை ஆய்வாகாது, பூச்சி அழகானது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முன்னோடிகளைத் தேடுவோர் வழக்கமாக 1960களில் தரைவழியே ஆசியாவுக்கு வந்த ஹிப்பிகளிடமும், டோனி வீலரும் மோரீன் வீலரும் 1973இல் வெளியிட்ட மலிவுப் பயணக் கையேட்டிடமும் போய் நின்றுவிடுகிறார்கள். இது மிகக் குறுகிய பார்வை. கண்டி அரசர் காலத்தில் கீழைக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கும், மலைநாட்டிலிருந்து பாக்கு கரைக்கும், தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளால் கொண்டுசெல்லப்பட்டன. இருபுறமும் சரிசமமாகத் தொங்கும் பொதி, முன்னால் போவதன் குளம்பைத் தவிர வேறெதையும் காணாத கண், வழியில் நிழல் கண்டால் படுத்துவிடும் பழக்கம் ஆகியவை இன்றைய முதுகுப்பையாளருக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகின்றன. மாடு படம் எடுப்பதில்லை. திரும்பி வரும்போது பாக்கு கொண்டுவந்தது. வேறுபாடு இவ்வளவே.

மனிதருள் மூத்தவர் என்று சொல்லத்தக்கவர் மொறொக்கோ நாட்டு இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் புத்தளப் பக்கம் ஒதுங்கியபோது அங்கே இருந்தவன் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாண அரசன். முத்துக்குளிப்பு அவன் கையில் இருந்தது. வந்தவர் கேட்டது சிவனொளிபாதமலை உச்சியில் உள்ள பாதச் சுவட்டைப் பார்க்க வழி. அரசன் ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வருகிற யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், பரிவாரத்தில் பத்துப் பேரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினான். கடுமையான வரையறைப்படி இவரை முதுகுப்பையாளர் எனலாமா என்பது விவாதத்துக்கு உரியது. இவருக்கு முதுகு இருந்தது, பை மட்டும் பதினைந்து பேரிடம் பிரிந்து கிடந்தது. ஆயினும் வழியில் பாய்ந்து ஒட்டும் அட்டைகளைப் பற்றியும், அவற்றின்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து விழுத்துவதைப் பற்றியும், உச்சிக்கு அருகே பாறையில் பிடித்து ஏறத் தொங்கவிடப்பட்டிருந்த சங்கிலிகளைப் பற்றியும் அவர் எழுதிவைத்திருக்கிறார். மலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்றும், ஒன்று கடினமானது, மற்றது எளிதானது, எளிதான வழியால் ஏறியவரை ஏறாதவர் கணக்கில் வைப்பார்கள் என்றும் அவர் குறித்திருப்பது, மலையேறிகளின் வீண்பெருமைக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று. இறங்கியபின் தெவிநுவரை, காலி, கொழும்பு என்று ஊர்களைச் சுற்றிப் பார்த்துப் புத்தளத்துக்கே திரும்பினார். மலையும் நகரும் ஒரே பயணத்தில் முறையாகக் கோக்கப்பட்டன. அவரும் தம்பலகாமத்தில் இறங்கவில்லை. அந்த வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போலும்.

இனிப் பைக்குள் நுழையலாம். கூட்டுப் பயணத்தின் சிக்கல் நாட்காட்டியிலிருந்து பைக்குள் இறங்குகிறது. திருக்கோணமலைக் கடல், ஏறத்தாழ ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றால் மழையும் கொந்தளிப்புமாக இருந்து, சித்திரைக்குப் பின் புரட்டாதி வரை குளம்போல் அடங்கிக் கிடக்கும். சிவனொளிபாதமலைப் பருவமோ டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதற்குப் பின் தென்மேற்குக் காற்றும் மூடுபனியும் அட்டையும் படிகளை எடுத்துக்கொள்ளும். கடலும் மலையும் ஒருசேர முகங்கொடுக்கும் காலம் பங்குனி, சித்திரையைச் சுற்றிய சில வாரங்களே ஆகும். மற்றக் காலங்களில் புறப்படுகிறவர் ஏதோ ஓரிடத்தில் நனையத்தான் வேண்டும். இதற்கு மேல் வெப்பநிலைக் கணக்கு வேறு இருக்கிறது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பம் சுமார் ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலவியலார் கணக்கு. அதன்படி 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா கடற்கரையைவிடப் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை உச்சியில் விடியலுக்கு முன் நிற்கிறவரின் பல் தந்தியடிக்கும்.

ஆகவே ஒரே பைக்குள் இரண்டு தேசங்கள் குடியிருக்கின்றன. ஒரு பக்கம் கடற்குளியல் உடை, வெயில் பூச்சு, ரப்பர்ச் செருப்பு, மூழ்கிப் பார்க்கும் கண்ணாடி. மறுபக்கம் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கணுக்கால் மூடிய சப்பாத்து, தலையில் கட்டும் மின்சூள். கடலில் நிற்கும்போது பின்னதும், மலையில் நிற்கும்போது முன்னதும் செத்த பாரம். எந்த நேரத்திலும் பையில் பாதி பயனற்றது என்னும் இந்த நிலையைப் ‘பாதிப்பை விதி’ எனலாம். உடல் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்று மலையேற்றப் பயிற்சியாளர்கள் சொல்வது உண்டு. அறுபது கிலோ ஆளுக்கு அது பன்னிரண்டு கிலோ. பாதிப்பை விதிப்படி, அதில் ஆறு கிலோ என்றைக்கும் ஊர் பார்க்க வந்த பிணம். விதியின் உச்சநிலை தம்பலகாமத்தில் வெளிப்படுகிறது. அங்கே வயல்வெளியில் கம்பளிச் சட்டைக்கு வேலையில்லை. கண்ணாடி மாட்டி மூழ்கிப் பார்க்கப் பவளப்பாறையும் இல்லை. கந்தளாய்க் குளத்து நீர் ஓடிவரும் வாய்க்காலில் குளிக்க ஒரு சாரமும் ஒரு துவாயும் போதும். அந்த இரண்டும்தான் பையில் இருக்காது.

பையின் நடத்தையை அருகிலிருந்து பார்க்கத் தக்க இடம் கண்டி–திருக்கோணமலை பஸ். மேல்தட்டு அரைப்பைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. பின்பெட்டியில் மரக்கறி மூடைகள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். எஞ்சின் மூடியின்மேல் வைத்தால் பைக்குள் இருக்கும் சொக்லேட் ஹபரணைக்கு முன்பே குடிநீர்ப் பதத்துக்கு வந்துவிடும். எஞ்சியது பக்கத்து ஆசனம். பை அங்கே அமர்ந்தால் நடத்துனர் அதற்கும் ஒரு ரிக்கற் கிழிப்பார்; அதில் அநியாயம் ஒன்றுமில்லை, அந்தப் பஸ்ஸில் முழு ஆசனத்தில் முதுகு சாய்த்து வசதியாக வருவது பை ஒன்றுதான். கந்தளாயில் ஏறும் ஆச்சி ஒருவர், இடுப்பில் கோழிக் கூடையுடன், அந்தப் பையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “தம்பி, அந்தப் பிள்ளையத் தூக்கி மடியில வையுங்கோ, நான் கொஞ்சம் இருக்கப் போறன்” என்பார். பயணிக்கு மொழி விளங்காது. விரல் காட்டும் திசை விளங்கும். பை மடிக்கு வருகிறது. அதன் தலை பயணியின் தலைக்கு மேல் நிற்கிறது. யன்னலுக்கு வெளியே கதிர் தள்ளிய வயலும், வரம்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கும், தென்னைக்கு அப்பால் நீல விளிம்பாகத் தெரியும் மலையும் கடந்துபோகின்றன. பயணி பார்ப்பது பையின் ஸிப். பயண நூல்களில் தம்பலகாமம் இல்லாமைக்கான காரணம் இந்த அமைப்பில் முழுமையாக அடங்கிவிடுகிறது.

ஒருவர் தவறுதலாகவேனும் சந்தியில் இறங்கி உள்ளே நடந்தால் என்ன ஆகும் என்பதும் ஆராயத் தக்கது. ஸ்கொத்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. அதன்படி, மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதாவது ஐந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு ஒரு மணி நேரம் வைத்து, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வயல்வெளியில் ஏற்றம் இல்லையாதலால் இரண்டாம் உறுப்பு பூச்சியம் ஆகிறது. ஆனால் நெய்ஸ்மித் தம் மலைகளில் ஆளரவம் இல்லாதபடியால் மூன்றாவது உறுப்பு ஒன்றை விட்டுவிட்டார். அதைக் ‘கேள்வித் தடை’ எனலாம். படலையில் நிற்கும் ஒவ்வொருவரும் முதலில் “எங்கால வாறியள்?” என்பார், அடுத்து “சாப்பிட்டாச்சோ?” என்பார், மூன்றாவதாக, முதுகைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ஏன் நடக்கிறியள், ஓட்டோ பிடிக்கலாமே?” என்பார். முதல் இரண்டுக்கும் சைகையால் விடை சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விக்கு உலகில் எந்த முதுகுப்பையாளரும் இதுவரை திருப்தியான விடை சொன்னதில்லை. விடை தேடும் வேளையில் பிளேன்ரீ வந்துவிடும். அதை மறுப்பதற்கு ஆகும் நேரம் குடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அதிகம். ஊருக்குள் தூரத்தை இன்னும் 95ஆம் கட்டை, 99ஆம் கட்டை என்று பழைய மைல்கற்களால் சொல்கிறார்கள் என்பதால், கிலோமீற்றரில் கணக்கிட்டு வந்தவர் பாதிவழியில் கணக்கையும் இழக்கிறார்.

இந்தச் சாலையில் பையைப் பற்றிய வேறொரு கல்வியும் நடந்திருக்கிறது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில், சோதனைச்சாவடி தோறும் பஸ் நின்று, பயணிகள் பையோடு இறங்கி, வரிசையில் நடந்து, மேசையின்மேல் பையைத் திறந்து காட்டி, மறுபடி மூடிக்கொண்டு, அப்பால் நிற்கும் பஸ்ஸில் ஏறினார்கள். ஒரு நிமிடத்தில் திறந்து ஒரு நிமிடத்தில் மூட முடியாத எதையும் எடுத்துச்செல்லக்கூடாது என்பதை இந்த மாவட்டத்து மக்கள் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. இன்றும் இங்கே ஒரு வாரப் பயணத்துக்கு ஒருவர் ஒரு சொப்பிங் பையோடு புறப்படுவதைக் காணலாம். எடை குறைந்த பயணம் என்று இப்போது புதிய கொள்கையாகப் பேசப்படுவதன் நெடிய செய்முறைப் பயிற்சி இங்கே, யாரும் விரும்பிக் கேட்காமலே, நடந்து முடிந்திருக்கிறது.

மலைப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதைப் பற்றி எழுதியோர் பலர். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகத் தேயிலை மலைகளைச் சுற்றிவரும் பீக்கோ நடைவழி அண்மை ஆண்டுகளில் பெயர்பெற்றது. பீக்கோ என்பது தேயிலைத் தர வகைகளுள் ஒன்றின் பெயர். அந்த வழியில் நடக்கும் முதுகுப்பையாளர், எதிரே முதுகுச் சுமையோடு வரும் ஒரு பெண்ணைச் சந்திப்பார். தலையில் தரித்த கயிற்றில் தொங்குகிறது கொழுந்துக் கூடை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு அவர் கொடுக்க வேண்டிய கொழுந்து பதினெட்டு, இருபது கிலோ. அது குறைந்தால் கணக்குப்பிள்ளை ‘அரைப்பேர்’ போடுவார், அதாவது பாதிநாட் சம்பளம் எழுதுவார். அவருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மூட்டையோடு காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். நடந்தவர்களில் வழியில் விழுந்து இறந்தோர் ஆயிரக்கணக்கில். ஏறத்தாழ ஒரே எடையைச் சுமந்த இருவர் மலைப்பாதையில் எதிர்ப்படும்போது, சுமப்பதற்காகக் காசு கொடுத்து வந்தவர், சுமந்தால்தான் காசு என்று வந்தவரைப் படம் எடுத்துக்கொள்கிறார். இந்தப் பயணத்தின் முழு அசட்டுத்தனமும் அந்தப் படத்தில் பதிவாகிறது. ஆனால் படம் அழகாகவே வரும்.

நகரும் மலையும் உண்மையில் கலக்கும் இடம் ஒரு கோப்பை என்பது இந்த ஆய்வில் எதிர்பாராது கிடைத்த முடிவு. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் மண்முட்டியில் உறையவைக்கப்பட்டு, வாய்க்குத் தாள் கட்டி, கயிற்றுத் தூக்கோடு வீதியோரத்தில் விற்கப்படுகிறது. அதன்மேல் ஊற்றும் கித்துள் பாணி மலைக்காட்டுப் பனையினத்தின் பூப்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சியது. சமவெளியின் புளிப்பும் மலையின் இனிப்பும் ஒரு கரண்டிக்குள் வந்துவிடுவதால், இதற்காக 2,243 மீற்றர் ஏற வேண்டியது கட்டாயமில்லை. மேலும், முட்டித் தயிர் முதுகுப்பையின் இயற்கைப் பகை. பைக்குள் வைத்தால் கவிழும். மேலே கட்டினால் உடையும். கையில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஆடாமல். முட்டி வாங்கியவர் உடனே நடை தளர்ந்து, நிமிர்ந்து, வீட்டுக்குப் போகிற ஆளைப் போல் தோன்றத் தொடங்குவார். ஊரார் அவரை நிறுத்திக் கேள்வி கேட்பதையும் விட்டுவிடுவார்கள்; கையில் தூக்கியிருப்பவர் உறவினர் வீட்டுக்குப் போகிறார் என்ற பழைய விதி அவருக்கும் பொருந்திவிடுகிறது.

நகரிலிருந்து மலைக்குச் சுமை கொண்டுபோனவர்களில் தம்பலகாமத்தில் இறங்கியோர் ஒருவருமில்லை என்று சொன்னது முழுவதும் சரியன்று. 1620களில் போர்த்துக்கேயர் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா, சுவாமிமலைக் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டபோது, அடியார்கள் திருவுருவங்களை முன்னதாகவே சுமந்து வெளியேறினர் என்பது இந்தப் பக்கத்து மரபு. அவர்களிடம் பயணத்திட்டம் இருக்கவில்லை. நகரத்திலிருந்து காட்டுவழியே கழனிமலைக்கு ஏறி, அங்கே மறைத்து வைத்து வழிபட்டு, காலம் சற்று அடங்கியபின் வயல் நடுவே தம்பலகாமத்தில் கோயில் எடுத்தனர். சுவாமிமலையில் எழுந்த புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. ஆதிகோணநாயகர் இன்றும் தம்பலகாமத்திலேயே இருக்கிறார்.